ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை: ஆங்கிலப் பாடத்திட்டம் கடந்து வந்த பாதையும் நம் மாலை வகுப்பும்



ஒவ்வோர் ஆண்டும் 10-ஆம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவரும் நாளில் நம் பள்ளிவாசல் முகப்பில் பெற்றோர் கூடி நிற்பதை நாம் காண்கிறோம். "கணக்கில் தேறிவிட்டான், இங்கிலீஷில்தான் போய்விட்டது" என்ற சொல்லை அந்தக் கூட்டத்தில் பலமுறை கேட்டிருக்கிறோம். தேறிய பிள்ளைகளின் நிலையும் நிறைவு தருவதாக இல்லை. கட்டுரையை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்து எழுதியவர், வங்கியில் ஒரு படிவத்தை நிரப்ப இன்னொருவரின் கையை எதிர்பார்க்கிறார்.

இதற்கு நாமும் பொறுப்பாளிகள் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் மாலை வகுப்பு இதுவரை 10-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டுமே, அதுவும் தேர்வுக்கு முந்தைய 3 மாதங்களில் மட்டுமே நடந்து வந்தது. 5 ஆண்டுகளில் படிப்படியாகக் கற்க வேண்டியதை 3 மாதத்தில் புகட்ட முயன்றோம். முடிவு வேறு விதமாக இருந்திருக்க முடியாது.

"எந்த வகுப்பில் எதைக் கற்பிக்க வேண்டும்?" என்ற கேள்வி கல்விக்குழுக் கூட்டத்தில் எழுந்தபோது, இதற்கு முன்னோர் என்ன விடை கண்டார்கள் என்று தேடத் தொடங்கினோம். இக்கேள்வி இந்த மாகாணத்தில் இருநூறு ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வருவதும், கல்வியைப் படிநிலையாகத் திட்டமிட முயன்ற முதல் ஆட்சியாளர் நம் தருமபுரியில் வாழ்ந்தவர் என்பதும் அப்போது தெரியவந்தது. அந்த வரலாற்றை ஜமாஅத்தார் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தருமபுரி மன்றோவும் 48,000 ரூபாய்த் திட்டமும்

1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் முதலிய ஊர்களை உள்ளடக்கிய அப்பகுதியை நிர்வகிக்க கேப்டன் அலெக்ஸாண்டர் ரீட் அனுப்பப்பட்டார். அவருடைய உதவியாளராக வந்தவர் தாமஸ் மன்றோ. 1799 வரை இப்பகுதியில் நில அளவைப் பணியில் ஈடுபட்டிருந்த அவர், தருமபுரியில் வீடும் தோட்டமும் அமைத்து வாழ்ந்தார். ஊர் ஊராக நடந்து, நிலத்தையும் உழவரையும் நேரில் கண்டு கணக்கெடுக்கும் பழக்கம் அவருக்கு இங்கேதான் வாய்த்தது.

பின்னர் சென்னை மாகாணத்தின் ஆளுநரானபோது அதே பழக்கத்தைக் கல்வியிலும் அவர் கடைப்பிடித்தார். 1822-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பள்ளிகள் உள்ளன, எத்தனை பேர் படிக்கின்றனர் என்று கணக்கெடுத்து அனுப்புமாறு கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். வந்து சேர்ந்த விவரங்களைத் தொகுத்து 1826-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவர் எழுதிய குறிப்பு, நம் நாட்டுக் கல்வி வரலாற்றில் முதன்மையான ஆவணங்களுள் ஒன்றாகும். அதன்படி 1 கோடியே 28 லட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும், ஏறத்தாழ 1,88,000 மாணவர்களும் இருந்தனர். ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்பது அன்றைய நிலை.

பள்ளிகள் இருந்தும் கல்வித் தரம் குன்றியிருப்பதற்கு ஆசிரியர்களுக்குப் போதிய வருவாய் இல்லாமையும் அவர்களைப் பயிற்றுவிக்க ஏற்பாடு இல்லாமையும் காரணங்கள் என மன்றோ கண்டார். எனவே அவர் வகுத்த திட்டம் மூன்று படிகளைக் கொண்டிருந்தது. கீழ்ப்படியில் தாசில்தாரிப் பள்ளிகள் 300. அடுத்த படியில் கலெக்டர் ஆட்சிப் பகுதி ஒவ்வொன்றிலும் இரண்டு பள்ளிகள். அவற்றுள் ஒன்று இந்துக்களுக்கு, மற்றொன்று முஸ்லிம்களுக்கு என மொத்தம் 40. மேற்படியில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கச் சென்னையில் ஒரு மையப் பள்ளி. தாசில்தாரிப் பள்ளி ஆசிரியருக்கு மாதம் 9 ரூபாய், கலெக்டர் பகுதிப் பள்ளி ஆசிரியருக்கு 15 ரூபாய், சென்னை மையத்திற்கு 700 ரூபாய் என மாதச் செலவு 4,000 ரூபாய். ஆண்டுக்கு 48,000 ரூபாய்.

இதன் பலன் உடனே கிட்டாது, மெதுவாகவே தெரியும் என்பதை மன்றோ உணர்ந்திருந்தார். ஆனால் 1827-ஆம் ஆண்டு ஜூலையில் அவர் காலரா நோயால் இறந்தார். திட்டத்தைத் தொடங்கியவர் மறைந்ததும் அதில் அரசின் அக்கறை குறைந்தது. 1836-இல் அப்பள்ளிகள் கைவிடப்பட்டன. படிகளைச் சரியாக வரைந்தாலும், ஒரு தலைமுறை மாணவராவது முதற்படியிலிருந்து கடைசிப் படிக்கு ஏறும்வரை பொறுத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாததால் நல்ல திட்டம் பத்தாண்டுகளில் மறைந்தது.

மணலில் எழுதியவர்களும் சட்டாம்பிள்ளையும்

ஆட்சியாளர் திட்டமிடுவதற்கு முன்பே நம் திண்ணைப் பள்ளிகளிலும் மக்தப் மதரஸாக்களிலும் படிநிலை இருந்தது. மக்தபில் சேரும் குழந்தை முதலில் அலிஃப், பா எனத் தனி எழுத்துகளை அறிகிறது. அடுத்து எழுத்துகள் சேரும் முறை, பிறகு குறில் நெடில் ஒலிகள், பிறகு சிறு சூராக்கள், அதன் பின்னரே குர்ஆன் ஓதுதல். எழுத்துச் சேர்க்கை தெரியாத பிள்ளையிடம் நீண்ட சூராவை எந்த உஸ்தாதும் திறந்து கொடுப்பதில்லை. நம் பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்பில் நாம் செய்துவந்தது அதைத்தான்.

திண்ணைப் பள்ளிகளில் இன்னொரு வழக்கமும் இருந்தது. முன்னே கற்ற மாணவர் பின்னே வருபவருக்குக் கற்பித்தார். சட்டாம்பிள்ளை என நாம் அறிந்த முறை இது. 1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆதரவற்ற ஆண் குழந்தைகள் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்பவர், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் கொண்டுவந்தார். மூத்த மாணவரைக் கொண்டு இளையோருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் செய்தார். 1797-இல் இது பற்றி அவர் எழுதிய நூல் இங்கிலாந்தில் அச்சாயிற்று. அங்கு அது "மெட்ராஸ் முறை" என்றே பெயர் பெற்று, ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பரவியது என்பது குறிப்பிடத்தக்கது.

மேலிருந்து கீழே வந்த பாடத்திட்டம்

1835-ஆம் ஆண்டு மெக்காலேயின் குறிப்பும், அதைத் தொடர்ந்து வந்த பெண்டிங்க் பிரபுவின் தீர்மானமும் அரசின் கல்விப் பணத்தை ஆங்கிலக் கல்வியின் பக்கம் திருப்பின. மேலே உள்ள சிலருக்குக் கற்பித்தால் அது தானாகக் கீழே கசிந்து இறங்கும் என்பது அவர்களின் கருத்து. 1841-இல் எல்பின்ஸ்டன் பிரபு ஆளுநராக இருந்தபோது சென்னையில் ஒரு உயர்நிலைப் பள்ளி தொடங்கப்பட்டது. அதுவே பிற்காலத்தில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. 1854-ஆம் ஆண்டு உட் கல்வி அறிக்கை, உயர்கல்விக்கு ஆங்கிலம், பொதுமக்கள் கல்விக்குத் தாய்மொழி என்ற பாகுபாட்டை வகுத்தது. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது.

பல்கலைக்கழகம் வந்தவுடன் அதன் நுழைவுத் தேர்வாகிய மெட்ரிகுலேஷன்தான் பள்ளிப் பாடத்தின் இலக்காயிற்று. கடைசி வகுப்பில் எதைக் கேட்கிறார்களோ அதற்கேற்ப முந்தைய வகுப்புகள் அமைந்தன. பிள்ளை எங்கே நிற்கிறது என்று கீழிருந்து பார்த்து வகுக்கப்பட்ட பாடமாக அது அமையவில்லை. இன்று 9-ஆம் வகுப்பிலேயே 10-ஆம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கும் வழக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மெட்ரிகுலேஷனுக்குப் பதிலாக எஸ்.எஸ்.எல்.சி. என்னும் பள்ளி இறுதிச் சான்றிதழ் நம் மாகாணத்தில் வந்தது. பெயர் மாறினாலும் இறுதித் தேர்வின் ஆட்சி மாறவில்லை.

முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஒரு பாலம்

இக்காலத்தில் முஸ்லிம் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் மிகக் குறைவாகவே சேர்ந்தனர். 1871-ஆம் ஆண்டு மேயோ பிரபுவின் அரசு இதைக் கவனித்துத் தீர்மானம் வெளியிட்டது. சென்னை அரசு மறு ஆண்டிலேயே ஆய்ந்து, முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் ஊர்களில் தனித் தொடக்கப் பள்ளிகள் அமைக்க முடிவெடுத்தது. அவற்றில் உருது மொழி வழியே தொடக்கக் கல்வி அளித்து, பொதுவான அரசுப் பள்ளியின் குறிப்பிட்ட வகுப்பில் சேரும் தகுதி வரும்வரை கற்பிப்பது ஏற்பாடு.

பிள்ளை வீட்டில் பேசும் மொழிக்கும் பள்ளியின் மொழிக்கும் இடையில் ஒரு பாலம் தேவை என்பதை அந்த ஏற்பாடு ஏற்றுக்கொண்டது. நம் மாவட்டத்தில் இத்தேவை இன்றும் தீரவில்லை. நம்மில் ஒரு பகுதியினர் வீட்டில் உருது பேசுகிறோம். மற்றொரு பகுதியினர் தமிழ் பேசுகிறோம். பிள்ளைகள் தெருவில் தமிழும், மதரஸாவில் அரபு எழுத்தும், பள்ளியில் ஆங்கிலமும் கற்கின்றனர். வலமிருந்து இடம் எழுதும் எழுத்தும், இடமிருந்து வலம் எழுதும் எழுத்தும் ஒரே பிள்ளையின் கையில் பழக வேண்டியிருக்கிறது. இது சுமை என்று மட்டும் கருத வேண்டியதில்லை. மூன்று எழுத்து முறைகளைக் கற்கும் திறன் நம் பிள்ளைகளிடம் உண்டு என்பதற்கு இதுவே சான்று. அவற்றை ஒழுங்குபடுத்திக் கற்பிக்கும் கடமையே நம்முடையது.

பாட மொழி மாறியபோது

ஆங்கிலேயர் காலத்து உயர்நிலைப் பள்ளியில் வரலாறு, புவியியல், கணிதம் அனைத்தும் மேல் வகுப்புகளில் ஆங்கிலத்தில் நடந்தன. ஆங்கிலப் பாடவேளை ஒன்றாக இருந்தாலும் பிள்ளையின் காதில் நாள் முழுவதும் ஆங்கிலம் விழுந்தது. 1930-களின் இறுதியிலிருந்து பிற பாடங்கள் தாய்மொழிக்கு மாறத் தொடங்கின. இது நியாயமான மாற்றம். புரியும் மொழியில் அறிவியலும் வரலாறும் கற்கும் உரிமை ஏழைப் பிள்ளைக்குக் கிடைத்தது.

ஆனால் ஒரு விளைவைப் பலர் கவனிக்கவில்லை. ஆங்கிலம் இப்போது நாளுக்கு ஒரு மணி நேரத்திற்கும் குறைவாகக் கேட்கும் மொழியாகிவிட்டது. பழைய பாடநூலும் பழைய எதிர்பார்ப்பும் அப்படியே நீடித்தால் பிள்ளையால் ஈடுகொடுக்க இயலாது. குறைந்த நேரத்தில் எந்தச் சொற்களை முதலில், எந்த வாக்கிய அமைப்புகளை எந்த ஆண்டில் என்று கணக்கிட்டுத் திட்டமிடும் தேவை அப்போதுதான் உண்மையில் பிறந்தது.

அந்தக் கணக்கிற்கு நம் துணைக்கண்டத்திலேயே வழி காணப்பட்டது. டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்ற கல்வியாளர், வங்காளப் பிள்ளைகளின் நிலையை ஆராய்ந்து 1926-இல் நூல் வெளியிட்டார். பெரும்பாலான பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடிக்கும் முன்பே நின்றுவிடுகின்றனர். எனவே எந்த வகுப்பில் நின்றாலும் அதுவரை கற்றது பயன்பட வேண்டும் என்று அவர் வாதிட்டார். அடிக்கடி பயன்படும் சொற்களை எண்ணிப் பட்டியலிட்டு, எளியதிலிருந்து அரியதற்குச் செல்லும் வாசிப்பு நூல்களை எழுதினார். 1953-இல் அவர் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்கள் இடம்பெற்றன. அச்சொற்களை அறிந்தவர் சாதாரண ஆங்கிலப் பக்கம் ஒன்றின் பெரும்பகுதியைப் புரிந்துகொள்வார்.

சென்னையின் பனிப்பந்து

1950-களில் சென்னை மாநிலம் ஆங்கிலப் பாடத்திட்டத்தில் முன்னோடியாக விளங்கியது. இலக்கணத்தை விதியாக ஒப்பிப்பதற்கு மாறாக, வாக்கிய அமைப்புகளை எளிமை வரிசையில் அடுக்கி, ஒவ்வோர் ஆண்டுக்கும் இத்தனை எனப் பிரித்துக் கொடுக்கும் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆசிரியர் ஒரு பொருளைக் கையில் எடுத்துக் காட்டி, "திஸ் இஸ் எ புக்" என்று சொல்ல, மாணவர் தாமும் எடுத்துக் காட்டிச் சொல்வர். வாய்மொழிப் பயிற்சி முன்னே, எழுத்து பின்னே.

புதிய முறையை யார் கற்பிப்பது? 1959-இல் பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு பெரியதோர் ஆசிரியர் பயிற்சி இயக்கம் தொடங்கியது. தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் ஏறத்தாழ 27,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிப்பது இலக்கு. சிலருக்கு முதலில் பயிற்சி. அவர்கள் பலருக்கு, அப்பலர் மேலும் பலருக்கு. உருளும்போது பெருக்கும் பனிப்பந்தைப் போன்றது என்பதால் "மெட்ராஸ் ஸ்னோபால்" என்று கல்வியுலகில் இது பெயர் பெற்றது. எழும்பூரில் பெல் கண்ட சட்டாம்பிள்ளை முறை, 170 ஆண்டுகளுக்குப் பின் ஆசிரியர்களிடையே மீண்டும் வந்தது எனலாம்.

இம்முறையின் குறையையும் சொல்ல வேண்டும். ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறும்போது பயிற்சி நீர்த்துப்போகும். முதற்குழு கற்றதன் காரணம் மறைந்து, மூன்றாம் குழுவிடம் வாக்கியங்களை ஒப்பிக்கும் சடங்கு மட்டும் எஞ்சும். "திஸ் இஸ் எ புக்" என்று ஐம்பது முறை சொன்ன பிள்ளை, புத்தகம் வேண்டும் என்று கேட்கத் தெரியாமல் நின்ற நிலை இதனால் வந்ததே.

பிரபு காட்டிய வழி

இக்குறைக்கு விடை தேடியவர் சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய ஊர்களின் சாதாரணப் பள்ளிகள் சிலவற்றில் அவரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை செய்தனர். வகுப்பில் இலக்கண அமைப்புகள் வரிசையாகக் கற்பிக்கப்படவில்லை. இரயில் கால அட்டவணையைக் கொடுத்து எந்த வண்டியில் ஏறினால் விரைவில் சேரலாம் என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். வரைபடத்தில் ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்திற்கு வழி சொல்லச் செய்தார்கள். மாணவரின் மனம் விடை காண்பதில் ஈடுபட்டிருக்கும்போது மொழி தானாகப் படிகிறது என்பது பிரபுவின் கருத்து. எளிய வேலை முதலில், சிக்கலான வேலை அடுத்து என்பதே அவருடைய படிநிலை. 1987-இல் அவர் எழுதிய நூல் வெளிவந்தபின் உலகின் பல நாடுகளில் இச்சோதனை விவாதிக்கப்பட்டது.

இரு மொழி முதல் புதிய பாடநூல் வரை

1968-ஆம் ஆண்டு ஜனவரி 23 அன்று அண்ணா தலைமையிலான அரசு சட்டமன்றத்தில் நிறைவேற்றிய தீர்மானத்தால், தமிழும் ஆங்கிலமும் என்ற இரு மொழிக் கொள்கை நம் மாநிலப் பள்ளிகளில் நிலைபெற்றது. 1978-இல் 10 ஆண்டுப் பள்ளிப் படிப்பும் 2 ஆண்டு மேல்நிலைப் படிப்பும் கொண்ட அமைப்பு வந்தது. அதற்குமுன் 11 ஆண்டுகளில் முடிந்த எஸ்.எஸ்.எல்.சி. 10-ஆம் வகுப்போடு முடியலாயிற்று.

2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம், ஒரு பாடத்தை ஆண்டுவாரியாகக் கொண்டுவருவதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். 2006-07-இல் 1-ஆம் வகுப்பில் தமிழ் கட்டாயப் பாடமாகத் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16-இல் 10-ஆம் வகுப்பை எட்டியது. உருதுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதனால் ஏற்பட்ட இடர்ப்பாடுகள் வேறு. ஆயினும் ஒரே ஆண்டில் எல்லா வகுப்புகளையும் மாற்றிவிடாமல், கீழிருந்து ஒவ்வொரு படியாக ஏறும் முறை கவனிக்கத்தக்கது.

அதுவரை மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்கு வகைப் பள்ளிகள் நான்கு பாடத்திட்டங்களைக் கொண்டிருந்தன. முத்துக்குமரன் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 2010-இல் சமச்சீர்க் கல்விச் சட்டம் வந்தது. 2010-11-இல் 1 மற்றும் 6-ஆம் வகுப்புகளில் தொடங்கி, உச்ச நீதிமன்றத்தின் 2011 ஆகஸ்ட் 9-ஆம் நாள் தீர்ப்புக்குப் பின் பிற வகுப்புகளுக்கும் விரிந்தது. 2018-19-இல் 1, 6, 9, 11-ஆம் வகுப்புகளுக்கு மீண்டும் புதிய பாடநூல்கள் வந்தன. ஒவ்வோர் அலகிலும் உரைநடை, செய்யுள், துணைப்பாடம் ஆகியவற்றோடு கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் பயிற்சிகளும் இடம்பெற்றன. முதல் தாள், இரண்டாம் தாள் என்றிருந்த ஆங்கிலத் தேர்வும் பின்னர் ஒரே தாளாக்கப்பட்டது.

பாடநூல் நன்றாக இருக்கிறது. ஆனால் 9-ஆம் வகுப்பு நூலைப் படிக்க 8-ஆம் வகுப்பு நூலைப் படித்திருக்க வேண்டும். அந்தச் சங்கிலி அறுந்த பிள்ளைக்கு நூலின் நயத்தால் பயனில்லை. கொரோனாவால் மூடப்பட்ட பள்ளிகளில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. 2020-21-இல் 1-ஆம் வகுப்பில் இருந்த பிள்ளை எழுத்தறிய வேண்டிய பருவத்தை வீட்டிலேயே கழித்தது. 2022-இல் அரசு தொடங்கிய "எண்ணும் எழுத்தும்" திட்டம் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்ப முயன்றது. அப்பிள்ளைகள் 2025-26-இல் 6-ஆம் வகுப்பை அடைந்தனர். அவர்களை நாம் 10-ஆம் வகுப்பில் சந்திக்கக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு விகிதம் 68.54. மாநிலத்தில் மிகக் குறைந்த விகிதம் அதுவே. வீட்டில் பாடம் சொல்லித்தர இயலாத தாய் தந்தையர் நம்மிடையே மிகுதி என்பது இதன் பொருள். எனவே வீட்டின் இடத்தில் ஜமாஅத் நிற்க வேண்டியுள்ளது.

வரலாறு தரும் படிப்பினையும் நம் திட்டமும்

மேற்கண்டவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொண்டவை இவை: மன்றோவிடமிருந்து படிநிலையும், ஆசிரியருக்கு நிலையான ஊதியமும். பெல்லிடமிருந்து மூத்தோர் இளையோருக்குக் கற்பித்தல். வெஸ்டிடமிருந்து சொற்கணக்கு. பனிப்பந்திலிருந்து வாய்மொழிப் பயிற்சியும், கூடவே ஓர் எச்சரிக்கையும். பிரபுவிடமிருந்து பொருளுள்ள வேலை.

இதன்படி கல்விக்குழு முன்வைக்கும் ஏற்பாடு வருமாறு:

6-ஆம் வகுப்பு: எழுத்தும் ஒலியும். எந்தச் சொல்லையும் எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தல். தம் பெயர், தந்தை பெயர், ஊர், முகவரியைப் பிழையின்றி எழுதுதல்.

7-ஆம் வகுப்பு: சிறு வாக்கியங்கள். கேட்கவும் பதில் சொல்லவும் பழகுதல். நேற்று, இன்று, நாளை ஆகிய மூன்று காலங்களிலும் பேசுதல்.

8-ஆம் வகுப்பு: பொருளுள்ள வேலைகள். தருமபுரிப் பேருந்து நிலையத்து நேர அட்டவணையைப் படித்தல், மருந்துச் சீட்டின் குறிப்பை அறிதல், வங்கி மற்றும் அஞ்சலகப் படிவங்களை நிரப்புதல்.

9-ஆம் வகுப்பு: முன்பின் பார்த்திராத பத்தியைப் படித்துச் சொந்தச் சொற்களில் விடையளித்தல். விடுப்புக் கடிதம், விண்ணப்பம் எழுதுதல். பாடநூலின் கதையைத் தம் வீட்டு மொழியில் சொல்லி, பிறகு எளிய ஆங்கிலத்தில் சொல்லுதல்.

10-ஆம் வகுப்பு: அரசுப் பாடநூலும் தேர்வுப் பயிற்சியும். நான்கு படி ஏறி வந்தவருக்கு இது மனப்பாடமாக இராது.

வாரத்திற்கு 2 மாலைகள், ஆண்டுக்கு 35 வாரங்கள் என்றால் 70 வகுப்புகள். வகுப்புக்கு 6 புதிய சொற்கள் வீதம் ஆண்டுக்கு 420. 5 ஆண்டுகளில் 2,100. வெஸ்டின் பட்டியலை நம் பிள்ளை கடந்துவிடும். 3 மாதங்களில் இது இயலாது. 5 ஆண்டுகளில் எளிதில் இயலும். இடையில் படிப்பை நிறுத்த நேரும் பிள்ளைக்கும் அதுவரை கற்றது கைகொடுக்கும் வண்ணமே ஒவ்வோர் ஆண்டின் பாடமும் அமைக்கப்பட்டுள்ளது.

ஒன்றைச் சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். இதுவரை வகுப்பு மஃரிபுக்குப் பின் நடந்ததால் பெண் பிள்ளைகள் பெரும்பாலும் வர இயலவில்லை. இனி பள்ளி விட்டபின் தொடங்கி மஃரிபுக்கு முன் முடியும்படி நேரம் மாற்றப்பட வேண்டும். பட்டம் பெற்ற நம் பெண்கள் ஆசிரியைகளாக முன்வர வேண்டும். கல்லூரியில் படிக்கும் இளைஞர்கள் 6, 7-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மாலையைத் தரலாம். ஆனால் பனிப்பந்தின் பாடத்தை மறவாமல், மாதம் ஒருமுறை அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் வந்து வகுப்பைப் பார்வையிடவும், கற்பிப்போரோடு அமர்ந்து பேசவும் ஏற்பாடு வேண்டும்.

ஆசிரியர்களின் ஊதியத்திற்கென ஒரு தனி நிதி தேவை. 1826-இல் மன்றோ கேட்ட 9 ரூபாய் கம்பெனியின் கருவூலத்திற்குப் பெரிய சுமையாக இருந்திருக்காது. தொடர்ந்து கொடுக்கும் மனம் இல்லாததே அத்திட்டத்தின் முடிவாயிற்று. நாம் சேர்க்கும் நிதி சிறிதாயினும் 5 ஆண்டுகள் தடையின்றித் தொடர வேண்டும். நிர்வாகக் குழு மாறினாலும் வகுப்பு நிற்கக் கூடாது என்பதைப் பொதுக்குழுவில் தீர்மானமாகப் பதிவு செய்யும்படி வேண்டுகிறோம்.

முதல் ஆண்டில் 6-ஆம் வகுப்புக்கு மட்டுமே தொடங்குவோம். அடுத்த ஆண்டு 7 சேரும். இப்போது 9, 10-ஆம் வகுப்புகளில் உள்ளவர்களுக்குப் பழைய தேர்வுப் பயிற்சி தொடரும். அவர்களை நாம் கைவிடவில்லை. எனினும் இந்த ஆண்டு 6-ஆம் வகுப்பில் அமரும் பிள்ளை 10-ஆம் வகுப்புத் தேர்வு எழுதும் நாளில்தான் நம் திட்டத்திற்கும் தேர்வு முடிவு வரும். அதுவரை பொறுத்திருக்கவும், பொருளாலும் உழைப்பாலும் துணை நிற்கவும் ஜமாஅத்தார் அனைவரையும் அன்புடன் அழைக்கிறோம். இன்ஷா அல்லாஹ், பள்ளிவாசல் முகப்பில் கூடும் பெற்றோரின் முகங்களில் மலர்ச்சியைக் காணும் நாள் வரும்.